பெயருக்கு முன்னால் ஒரு சொல்: திரு. ஆர்தெல் விட்லோ அவர்களுக்கு

அச்சு எந்திரம் ஓடத் தொடங்கி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மை காயாத ஒரு தாளைக் கையில் பிடித்தபடி, இரண்டிரண்டு படிகளாகத் தாவி, நீங்கள் நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தீர்கள். வயது இருபத்து மூன்று. வேலைக்கு வந்து ஏழே மாதம். ஓடுகிற எந்திரத்தை நிறுத்தியவன் மறுநாள் வேலையில் இருக்கமாட்டான் என்பது அந்தக் கட்டடத்தில் கதவுக்கும் சன்னலுக்கும்கூடத் தெரிந்த சட்டம். தெரிந்தேதான் இறங்கினீர்கள்.

"நிறுத்துங்க, மிஸ்டர் ஹொசேயா."

அச்சுக்கூடத்தின் தலைவர் திரு. ஹொசேயா டுப்ரே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போயி உன் மேசையில உக்காரு, தம்பி. பாதி ஊருக்கு அடிச்சாச்சு."

"ஒரு சொல் விட்டுப்போச்சு."

"ஒத்தச் சொல்லா? நீ வந்த வரத்தைப் பாத்து மாடியில தீப்பிடிச்சிருச்சோன்னு நெனச்சேன்."

"லூசிண்டா கில்யார்டுன்னு போட்டிருக்கு. திருமதி லூசிண்டா கில்யார்டுன்னு வரணும்."

"செத்துப்போன அம்மாவுக்கு அது தெரியவா போகுது?"

"அவங்க புள்ளைங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் பேப்பர்ல அவங்க நாப்பது வருஷமா வெறும் லூசிண்டா. வேலைக்காரியைக் கூப்பிடற மாதிரி லூசிண்டா. நம்ம பேப்பர்லயும் அதேதான்னா, நாம எதுக்குத் தனியா ஒரு மெஷினை ஓட்டிட்டு இருக்கோம்?"

பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டிச் சிவப்புப் பித்தானை நீங்களே அழுத்தினீர்கள். எந்திரம் நின்ற நிசப்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. பத்திரிகையின் உரிமையாளர் திருமதி ஒடெஸ்ஸா கிரென்ஷா குதிகால் செருப்பு டக்டக்கென்று ஒலிக்க இறங்கி வந்தார், தாளை வாங்கினார், படித்தார். எல்லோரும் உங்கள் சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தார்கள்.

"ஹொசேயா, அடிச்சதையெல்லாம் அடுப்புல போடு. ஆர்தெல், நீ போயி அந்தச் சொல்லை வெச்சுட்டு வா. இனிமே நம்ம ஆளுங்க ஒருத்தர் பேரும் இந்தப் பத்திரிகையில மொட்டையா வரக்கூடாது. நேத்துப் பொறந்த கொழந்தைக்கும் சரி, ஜெயிலுக்குப் போனவனுக்கும் சரி."

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு. அந்த ஒற்றைச் சொல்லுக்காக எந்திரத்தை நிறுத்திய அஞ்சாத நெஞ்சரே. மறைந்தவர்க்கெல்லாம் மரியாதை மகுடம் சூட்டிய மாண்பாளரே. மோபில் நகரத்துக் கறுப்பின மக்களின் ஐம்பத்திரண்டு ஆண்டுக் கண்ணீரைக் கறைபடாத கையால் காகிதத்தில் ஏந்திய கண்ணியரே. 'லாந்தர்' வார இதழின் இரங்கல் பக்கத்துக்கு இன்னொரு பெயராகவே விளங்கிய எங்கள் மிஸ்டர் ஆர்தெல் அவர்களே. பணி நிறைவு பெறும் இந்தப் பகல் வேளையில், உடன் உழைத்த நாங்கள் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

வணங்குகிறோம் என்று எழுதும்போதே கை கூசுகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும்.

இந்த விழாவைப் பற்றிச் சொல்ல உங்கள் மேசைக்கு வந்தோம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னீர்கள்: "கேக் வெட்டுங்க, கம்போக் குழம்பு வையுங்க, ரெண்டு பேர் பாடுங்க, எனக்கொண்ணும் வருத்தமில்ல. ஆனா படிச்சுக் குடுக்கிற தாள்ல பொய் எழுதாதீங்க. செத்தவங்களைப் பத்தியே நான் பொய் எழுதினதில்ல. உசுரோட இருக்கறவனைப் பத்தி நீங்க எழுதினா, நடுவுலயே எந்திரிச்சுப் போயிடுவேன்."

ஆகவே இந்த மடலில் பொய் இல்லை. இதைக் கேட்டு முடிக்கும்வரை நீங்கள் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் வேண்டுகோள். இரண்டாவது வேண்டுகோள் பெரியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்திரிகை திரு. கிளெமென்ட் போல்டன் அவர்களின் இரங்கல் குறிப்பில் ஒரு வரியை உங்களுக்கு இல்லாமல் செய்தது. அதற்கு மன்னிப்பு கேட்காமல் உங்களைப் படியிறங்க விட எங்களுக்கு மனம் வரவில்லை. மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

முதலில் உங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொன்னால்தான் எங்கள் தவறின் எடை தெரியும்.

பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வாழ்க்கைகளை நீங்கள் எழுதினீர்கள். ஒன்றைக்கூடத் தொலைபேசியில் கேட்டு எழுதியதில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போவீர்கள்; கூடத்தில் உட்காரமாட்டீர்கள், சமையலறையில் உட்காருவீர்கள்; கூடத்தில் பெருமை பேசுவார்கள், சமையலறையில் உண்மை பேசுவார்கள் என்பது உங்கள் கணக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரையும், தூய தமக்கையாய்ச் சபையைத் தாங்கியவரையும், தொட்டிலில் மூன்று நாள் மட்டும் இருந்த சிசுவையும் ஒரே தராசில் நிறுத்தி ஒரே நீளத்தில் எழுதினீர்கள். ஐந்து வீடுகளில் உங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். மறுபடி போய்த் தட்டியபோது அதே ஐந்து வீடுகளிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தீர்கள்.

இறந்தவரை எழுதுவதைவிட இருப்பவரை வரிசைப்படுத்துவது கடினம் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். ஏனென்றால் இரங்கல் குறிப்பின் அடியில் வரும் உறவினர் பெயர்கள் நம் ஊரில் வெறும் பட்டியல் இல்லை. வியாழக்கிழமை 'லாந்தர்' வரும். சனிக்கிழமை அடக்க ஆராதனை. வெள்ளைக் கையுறை போட்ட வரவேற்புச் சகோதரிகள் கோவில் வாசலில் நம் இரங்கல் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் வைத்திருப்பார்கள். பட்டியலில் முதலில் நிற்கும் பெயர் முதல் பெஞ்சில், சவப்பெட்டியைத் தொடும் தூரத்தில். அடுத்த பெயர் அடுத்த இடத்தில். பட்டியலின் கடைசிப் பெயர் எங்கோ தூணுக்குப் பின்னால். எத்தனை சண்டைகள் நடந்திருக்கின்றன. இரண்டு மனைவிகள், ஒரே முதல் பெஞ்சு என்று வந்த வழக்குகளைக்கூட நீங்கள் சமையலறை மேசையில் வைத்தே தீர்த்துவைத்தீர்கள்.

"எழுதறது நானு, உக்கார வைக்கிறதும் நானு," என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வீர்கள். "கையில இருக்கறது பேனான்னு நெனச்சுக்காதீங்க. அது நாற்காலி."

அப்படி ஊருக்கெல்லாம் இடம் ஒதுக்கிய உங்களுக்கு ஒதுக்கிய இடம் எது?

திரு. கிளெமென்ட் போல்டன். ரெஹோபோத் பாப்டிஸ்ட் சபையின் ஆர்கன் இசைஞர், முப்பத்தோரு ஆண்டுகள். உயர்நிலைப் பள்ளியின் வாத்தியக் குழு ஆசிரியர், அதற்கும் மேல். லஃபயெட் தெருவில் பச்சை வாசற்கதவு வைத்த வீட்டில் அவரும் நீங்களும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தீர்கள். நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில் இறால் கம்போ சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் எக்காளம் கற்றுக்கொடுத்தார். மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் அவருடைய குழு வரும்போது நீங்கள் அலுவலகச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாளம் கொஞ்சம் பிந்துது" என்று சலித்துக்கொள்வீர்கள். அவர் கீழேயிருந்து உங்களைப் பார்த்து முறைப்பார். எங்களுக்குத் தெரியும். சபைக்குத் தெரியும். தெரு முழுக்கத் தெரியும். தெரிந்ததை யாரும் ஒரு சொல்லாக்கவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இன்று அதற்கு வேறு பெயர் வைக்கத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தம். ஆணும் பெண்ணும் சேர்வது மட்டுமே திருமணம் என்று மாநிலச் சாசனத்தில் எழுதலாமா என ஜூன் மாதம் வாக்கெடுப்பு வரவிருந்தது. போதகர்கள் மேடையேறினார்கள். "நம்ம ரத்தத்துல போட்ட ரோட்டுல அவங்க வண்டி ஓட்டப் பாக்கறாங்க" என்று ரெஹோபோத் போதகர் சொன்னபோது சபையே எழுந்து நின்றது. ஆர்கனில் திரு. போல்டன் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் மாதத்து இதழ் ஒன்றுக்குத் தலையங்கம் எழுதியவர் திருமதி கிரென்ஷா. ஒரே வாதம்: நம் போராட்டம் நம்முடையது, அதோடு ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஒப்பிடுவது நம் தியாகிகளுக்கு அவமானம். அச்சுக்குப் போகுமுன் நீங்கள் அவர் அறைக்குள் போனீர்கள். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் எல்லோரும் வேலை செய்வதுபோல் குனிந்துகொண்டு கேட்டோம். அந்தப் பேச்சை மறக்க முடியாததால் அப்படியே எழுதுகிறோம்.

"என் அண்ணனை மரத்துல இருந்து இறக்கினப்ப எனக்கு வயசு ஒம்பது, ஆர்தெல். கயிறை அறுத்தது எங்கம்மா. அவங்கள்ல யாரை எந்த மரத்துல கட்டித் தொங்கவிட்டாங்க, சொல்லு?"

"சிலரைக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, மிஸ் ஒடெஸ்ஸா. அந்தப் பேருங்க நம்மகிட்ட வரல. வந்தாலும் நாம போட்டிருக்கமாட்டோம்."

"என் தோலை நான் வீட்டுல கழட்டி வெச்சிட்டு வர முடியாது. அவங்க வாயை மூடிக்கிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டும் ஒண்ணா?"

"நான் முப்பத்து நாலு வருஷமா மூடிக்கிட்டு இருக்கேன். அது சும்மா இருக்கறதுன்னு நெனச்சீங்களா?"

நீங்கள்தான் தொடர்ந்தீர்கள்.

"ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ரெண்டும் ஒரே ஆளுக்கு நடந்துச்சுன்னு சொல்றேன். அறுபத்து மூணுல பர்மிங்காம் ஜெயில்ல நாப்பது பேரு ஒரு அறையில. வெளிய நின்னவன் நான் கறுப்புன்னு அடிச்சான். உள்ள படுத்திருந்தவன், ஊர்வலத்துல என்கூட ஒரே பாட்டைப் பாடிட்டு வந்தவன், நான் வேற மாதிரின்னு தெரிஞ்சதும் படுக்கையை நகத்திக்கிட்டான். நான் மூணு நாளு கக்கூஸ் பக்கத்துல நின்னுட்டே தூங்கினேன். எந்த வலி பெருசுன்னு அளந்து பாக்கறதுக்கு அங்க வசதியில்ல."

"அது ஒரு முட்டாப்பய செஞ்சது."

"சரி. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே மாநிலத்துல இதே ஓட்டுப் பெட்டியில ஒரு கேள்வி கேட்டாங்க. வெள்ளையும் கறுப்பும் கல்யாணம் பண்ணக்கூடாதுங்கற பழைய வரியை எடுத்துரலாமான்னு. பத்துல நாலு பேரு எடுக்காதேன்னு குத்தினாங்க. அன்னிக்கு நீங்க என்ன எழுதினீங்க? யாரு யாரைக் கட்டிக்கணும்னு ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்க ஊருக்கு என்ன உரிமைன்னு எழுதினீங்க. நான்தான் பிழை பாத்தேன். ஒரு பிழையும் இல்ல."

திருமதி கிரென்ஷா நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "எப்பவோ எழுதினதையே எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டற பழக்கம் எப்பதான் போகப்போகுதோ."

"நீங்க எழுதினதை, மிஸ் ஒடெஸ்ஸா."

தலையங்கம் வந்தது. நீங்களே பிழை பார்த்தீர்கள். அதிலும் ஒரு பிழை இல்லை.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில் கடைசிப் பாட்டை வாசித்து முடித்து, ஆர்கன் மூடியைச் சாத்தியவர் அப்படியே சாய்ந்தார். திரு. கிளெமென்ட் போல்டன் மறைந்தார்.

உங்களுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்தீர்கள், அன்றுதான் முதன்முறையாக எந்த வீட்டுக்கும் போகாமல், எந்தச் சமையலறையிலும் உட்காராமல் எழுதினீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். பட்டியலில் முதல் வரி: 'வாழ்க்கைத் துணைவர் திரு. ஆர்தெல் விட்லோ.' அதற்குப் பிறகு இரண்டு சகோதரிகள், ஒரு தம்பி, அண்ணன் மக்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் உங்களுக்காக இந்தப் பத்திரிகையிடம் நீங்கள் கேட்டது அந்த ஒரு வரிதான்.

வியாழக்கிழமை இதழில் முதல் வரி சகோதரிகளோடு தொடங்கியது. பட்டியலின் கடைசியில், அண்ணன் மக்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் பிறகு, இப்படி இருந்தது: 'நண்பர் ஆர்தெல் விட்லோ.'

துணைவர் என்பது நண்பர் ஆனது மட்டும் இல்லை. 'திரு.' இல்லை. அறுபத்து நான்கிலிருந்து இந்தப் பத்திரிகையில் எந்தக் கறுப்பினத்தவர் பெயரும் அப்படி வந்ததில்லை. திருடனுக்குப் போட்டோம். கொலைகாரனுக்குப் போட்டோம். அந்த விதிக்குக் காரணமானவர் பெயர் மட்டும் மொட்டையாக வந்தது. ஒருவரை மனிதரிலும் குறைவாகப் பார்க்கத் தொடங்கினால், கை தானாகவே அவர் பெயருக்கு முன்னால் இருப்பதையும் விழுங்கிவிடும் போலிருக்கிறது. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் நமக்கு அத்தனை காலம் செய்ததை யாரும் சொல்லாமலே எங்கள் கை செய்தது. ஒப்பிடக்கூடாது என்று தலையங்கம் எழுதிய பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அந்த ஒப்பீட்டை நாங்களே அச்சடித்துக் கொடுத்தோம்.

சனிக்கிழமை ரெஹோபோத் வாசலில், கருநீல உடையில் நீங்கள் வந்தீர்கள். வரவேற்புச் சகோதரி கையிலிருந்த துண்டுத் தாளைப் பார்த்தார். அவருக்கு உங்களை நாற்பது ஆண்டுகளாகத் தெரியும்.

"மிஸ்டர் ஆர்தெல், என் கையில என்ன இருக்கோ அதைத்தான் நான் செய்யணும்," என்றார்.

"தெரியும் சிஸ்டர். அந்த விதியை எழுதினதே நான்தான். எத்தனாவது பெஞ்சு?"

"ஒம்பது."

ஒன்பதாவது பெஞ்சில், தூணுக்குப் பின்னால், உட்கார்ந்தீர்கள். சவப்பெட்டியை மூடும்போது முதல் இரண்டு பெஞ்சுகளில் இருப்பவர்கள் மட்டும் எழுந்து போய்த் தொட்டுவிட்டு வருவது நம் வழக்கம். நீங்கள் எழவில்லை. நாங்கள் நாலாவது பெஞ்சில் இருந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை நீங்கள் திருமதி கிரென்ஷாவின் அறை வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டீர்கள். "யாரு மாத்தினது?"

"என் பத்திரிகையில வர்றதெல்லாம் நான் போடறதுதான்," என்றார் அவர்.

"நீங்களா?"

"நான்தான்னு வெச்சுக்கோ."

"சரி, மிஸஸ் கிரென்ஷா," என்றீர்கள். நாற்பத்து மூன்று ஆண்டுகள் நம் ஊர்ப் பாசத்தில் மிஸ் ஒடெஸ்ஸாவாக இருந்தவர் அந்த நிமிடத்தில் மிஸஸ் கிரென்ஷா ஆனார். அதற்குப் பிறகு நீங்கள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தட்டில் போட்டீர்கள். அவரும் துண்டுச் சீட்டிலேயே பதில் எழுதினார். மதியம் இருவரும் பிரித்துத் தின்னும் பவுண்டு கேக்கை அவர் தனியாக வாங்கி, பாதியைத் தாளில் சுற்றி, உங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். மாலையில் அது அப்படியே இருக்கும். இப்படி ஐந்து ஆண்டுகள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர் மறைந்தபோது, பதினோராயிரம் பேரை எழுதிய நீங்கள் அவரை மட்டும் எழுத மறுத்தீர்கள். "என்னால உண்மையா எழுத முடியாது. பொய்யா எழுதவும் முடியாது." அவ்வளவுதான் சொன்னீர்கள். நாங்கள் எழுதினோம். மோசமாக எழுதினோம். பிறந்த ஆண்டே தப்பாக வந்தது. அந்த அடக்க ஆராதனையிலும் நீங்கள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தீர்கள், இம்முறை யாரும் அனுப்பாமல்.

இந்த ஜூனில் வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர், ஒரே பாலினத்தவரும் மணக்கலாம் என்று ஒரு தீர்ப்பு எழுதினார்கள். அலுவலகத்தில் யாரோ கைதட்டினார்கள். நீங்கள் தலை நிமிரவில்லை. "கிளெமென்ட்டுக்கு இது ஒம்பது வருஷம் லேட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, துறைமுகத் தொழிலாளி ஒருவரின் பேரப்பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

காலம் கடந்து கொடுக்கப்படும் மரியாதை பாதி மரியாதைதான் என்று அறிவோம். ஆனாலும் நேற்றைய 'லாந்தர்' முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பிழை பார்க்க உங்களிடம் காட்டாமலே அச்சிட்டோம். 'மே 2006 இதழில் வெளியான திரு. கிளெமென்ட் போல்டன் அவர்களின் இரங்கல் குறிப்பில், இருப்போர் பட்டியலின் முதல் பெயர் வாழ்க்கைத் துணைவர் திரு. ஆர்தெல் விட்லோ என்று இருந்திருக்க வேண்டும். அது தட்டெழுத்துப் பிழை அல்ல. எங்கள் பிழை.'

பிறர் துயரைத் தம் துயராய்த் தாங்கிய தகைமையாளரே, உங்கள் துயரை நாங்கள் தாங்கவில்லை. இனி நீங்கள் எழும் காலைகளில் தொலைபேசி அடிக்காதிருக்கட்டும். உங்கள் முழங்கால்கள் படிகளை மறக்கட்டும். லஃபயெட் தெருவின் வாசற்படியில் வெயில் உங்களுக்கென்று நெடுநேரம் நிற்கட்டும். இன்னும் பல்லாண்டு உங்கள் பெயரை யாரும் எங்கள் பக்கத்துக்காகக் கேட்டு வராதிருக்கட்டும்.

தலைகுனிந்த அன்புடன்,
'லாந்தர்' வார இதழின் அலுவலர் பதின்மூவர்

மிஸ்டர் ஆர்தெல், தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள். நாங்கள் பதினான்கு பேர். இதை எழுதிய, இப்போது வாசித்துக்கொண்டிருக்கிற வெர்னெல் டப்ஸ் ஆகிய என் கையெழுத்து மேலே இல்லை. இதற்குக் கீழே இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. இங்கே நிற்கும் இவர்களும் உங்களோடு சேர்த்து இப்போதுதான் கேட்கிறார்கள்.

அன்று அந்த இரங்கல் பக்கத்தை அச்சுக்கு அடுக்கியவள் நான். எனக்கு வயது முப்பது. என் தாத்தா செல்மா பாலத்தில், ஓட்டுரிமை ஊர்வலத்தில் போலீஸ் அடித்துத் தாடை உடைந்தவர். சாகும்வரை கஞ்சிதான் குடித்தார். அந்த உடைந்த தாடையை யாருக்கும் இரவல் தரமாட்டேன் என்ற வைராக்கியம் எனக்கு இருந்தது. போதகர் பேசியபோது எழுந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. புதன்கிழமை மாலை, பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருக்கையில், உங்கள் வரியை நீக்கியவள் நான். கடைசியில் 'நண்பர்' என்று தட்டியவள் நான். நினைக்காமலே பெயரை மட்டும் அடித்தேன். 'திரு.' விட்டுப்போனது எனக்கு முதல் தாள் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழே இறங்கவில்லை.

திங்கட்கிழமை நீங்கள் வாசலில் நின்று கேட்டபோது நான் அந்த அறைக்குள்தான், கோப்பு அலமாரி ஓரமாக, நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போனதும் மிஸ் ஒடெஸ்ஸா என்னைப் பார்த்தார்.

"உன்னைக் காட்டிக்குடுத்தா அவன் உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டான். நீ அவன்கிட்டதான் தொழில் கத்துக்கணும். என்னை அவனுக்கு நாப்பது வருஷமாத் தெரியும், கோவம் ஆறினா மறுபடி கேப்பான். ஆனா சொல்ல வேண்டியது நீ. நான் சொல்லமாட்டேன். எப்ப சொல்லப்போற?"

"அடுத்த வாரம், மேடம்," என்றேன்.

ஒவ்வொரு வாரமும் அவர் என்னைப் பார்ப்பார். ஐந்து ஆண்டுகள் பார்த்தார். அதற்குள் உங்களிடம் தொழில் கற்றுக்கொண்டேன். அவருக்குப் பின் பத்திரிகையை நடத்த அவர் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உங்கள் கையில் தரும் இந்த உறையில் இருப்பது அந்தப் புதன்கிழமைப் பக்கத்தின் சரிபார்ப்புத் தாள். ஒன்பது ஆண்டுகள் என் மேசையின் அடி அறையில் கிடந்தது. மாலை நான்கு மணிக்கு இதை அவரிடம் கொண்டுபோனேன், அவரே அந்த வரியை நீக்கிவிடுவார் என்று நம்பி. இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உங்கள் முதல் வரிக்குப் பக்கத்தில், நீங்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் அந்தச் சாய்ந்த கையெழுத்தில், பச்சை மையால் எழுதி என்னிடம் கொடுத்தார்:

'ஒரு எழுத்தும் மாத்தாதே. ஏப்ரல்ல நான் எழுதினது தப்பு, அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன். – ஒடெஸ்ஸா'